உதவி: பேட்டரியில் 300 ஏ, டெஸ்டரில் 310. பிறகு ஏன் மாற்றச் சொல்கிறார்கள்?

நாற்சக்கரம்
அவசரம், சீக்கிரம் சொல்லுங்கள். காலையில் கார் ஸ்டார்ட் ஆக ரொம்ப இழுக்கிறது. மெக்கானிக் டெஸ்டர் வைத்துப் பார்த்தார், சிசிஏ (குளிரில் ஸ்டார்ட் செய்யும் திறன்) 310 என்று வந்தது. பேட்டரி மேல் 300 ஏ (ஆம்பியர்) என்றுதான் அச்சிட்டிருக்கிறது. அதைவிடக் கூடுதலாகவே இருக்கிறதே! ஆனாலும் பேட்டரி போய்விட்டது என்கிறார். அவர் காட்டும் புதியதில் 510 ஏ. இரண்டும் 60 ஏஹெச் (ஆம்பியர்-மணி)தான். 510 போட்டால் ஏதாவது கெட்டுவிடுமா?

ஆம்பியர்
பெட்ரோலா டீசலா? பேட்டரிக்கு என்ன வயது? ஸ்டார்ட்-ஸ்டாப் (வண்டி நின்றால் எஞ்சின் தானாக அணைந்து மறுபடி ஓடுவது) வசதி உண்டா? வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு மீட்டரில் எத்தனை வோல்ட்? டெஸ்டரை எந்தத் தரத்தில் வைத்து அளந்தார்? இது எதுவும் இல்லாமல் என்ன சொல்வது?

செம்புக்கம்பி
பேட்டரியை விட்டுவிடுங்கள். முதலில் எர்த் கேபிளைப் பாருங்கள். இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆகிற வண்டிகளில் பாதி எர்த் கோளாறுதான். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முனையிலும், மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அரை வோல்ட் காட்டினால் கோளாறு கேபிளில்தான்.

மின்னாசான்
இந்தக் கேள்வி மாதாமாதம் வருகிறது, தேடிப் பார்க்கத்தான் யாருக்கும் மனமில்லை. சிசிஏ என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். முழுதாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரியை மைனஸ் 18 டிகிரி செல்சியஸுக்குக் குளிரவைத்து, 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் 30 நொடி தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தருகிறது என்று பார்ப்பார்கள். அதுதான் சிசிஏ. ஏஹெச் வேறு கணக்கு: 20 மணி நேரம் மெல்ல இறக்கினால் மொத்தம் எவ்வளவு தரும் என்பது. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

நாற்சக்கரம்
டீசல். நாலு வருடம் ஆகிறது. ஸ்டார்ட்-ஸ்டாப் கிடையாது. டெஸ்டரில் எஸ்ஏஇ என்று பார்த்த ஞாபகம்.

ஆம்பியர்
அப்படியானால் விஷயம் பிடிபடுகிறது. மின்னாசான் சொன்னது எஸ்ஏஇ என்ற அமெரிக்க முறை. அது ஒன்றுதான் முறை என்றில்லை. பழைய ஜெர்மன் டிஐஎன் முறையிலும் அதே மைனஸ் 18 டிகிரி, அதே 30 நொடி. ஆனால் வோல்ட்டேஜ் 9க்குக் கீழே இறங்கக் கூடாது. நிபந்தனை கடுமையானதால் ஆம்பியர் எண் சிறியதாக வரும். ஐரோப்பிய இஎன் முறையில் 10 நொடியில் 7.5 வோல்ட், அதனால் எண் எஸ்ஏஇக்குப் பக்கத்தில் வரும். ஒரே பேட்டரிக்கு டிஐஎன் எண்ணைவிட எஸ்ஏஇ எண் ஒன்றரை மடங்குக்கும் மேல்.

உங்கள் பேட்டரியில் உள்ள 300 டிஐஎன் எண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். எஸ்ஏஇயில் சொன்னால் அது கிட்டத்தட்ட 500. டெஸ்டர் எஸ்ஏஇயில் 310 காட்டுகிறது என்றால் பேட்டரியில் அறுபது சதவீதம் பலம்தான் மிச்சம். மெக்கானிக் சொன்னது சரியாகவே இருக்கலாம். புதியதில் உள்ள 510ம் பெரிய பேட்டரி என்று அர்த்தமில்லை, ஏறக்குறைய அதே பேட்டரிதான். லேபிளில் எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ஆனால் பாதிச் சார்ஜில் அளந்தால் நல்ல பேட்டரியும் குறைவாகத்தான் காட்டும். முழுக்கச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் விட்டு, 12.6 வோல்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

டீசல்பெரியவர்
தம்பி, எதற்கும் 510 வேண்டாம். அதிக ஆம்பியர் போனால் ஸ்டார்ட்டர் சுருள் எரிந்துவிடும்.

ஆம்பியர்
அப்படி இல்லை ஐயா. பேட்டரி ஆம்பியரைத் தள்ளுவதில்லை, ஸ்டார்ட்டர் தனக்கு வேண்டியதை இழுத்துக்கொள்கிறது. உண்மையில் பலவீனமான பேட்டரிதான் ஸ்டார்ட்டருக்கு ஆபத்து. வோல்ட்டேஜ் விழுந்து எஞ்சின் மெதுவாகச் சுற்றும், நாம் சாவியை நெடுநேரம் திருப்பிப் பிடிப்போம், சுருள் சூடாகும்.

வெயில்காரன்
உறைபனியே இல்லாத இடத்தில் சிசிஏ எதற்கு? மைனஸ் 18ஐ நாம் பார்க்கப் போவதே இல்லை. ஏஹெச் பார்த்து வாங்கினால் போதும்.

மின்னாசான்
அரைகுறைப் பேச்சு. டீசல் எஞ்சினில் அழுத்தம் அதிகம், எந்த ஊரிலும் சுற்றுவதற்கு நிறைய ஆம்பியர் வேண்டும். வாகனக் கையேட்டில் உள்ள அளவுக்குக் குறையாமல் போட வேண்டும், அவ்வளவுதான்.

வெயில்காரன்
கையேட்டு அளவை மறுக்கவில்லை. அதற்கு மேல் எண்ணைத் துரத்த வேண்டாம் என்கிறேன். அதே பெட்டிக்குள் சிசிஏயை ஏற்ற வேண்டுமென்றால் மெல்லிய தகடுகளை அதிகமாக அடுக்குவார்கள். வெப்பத்தில் அந்த ஈயக் கம்பிவலை சீக்கிரம் அரித்துப்போகும். பேட்டரியைக் கொல்வது சூடு. குளிர்காலத்தில் அது வெளியே தெரிகிறது, அவ்வளவே.

ஆம்பியர்
தகடு விஷயம் சரி. ஆனால் வெப்பமான இடத்திலும் சிசிஏ அளவு உதவும். கையில் பிடிக்கும் டெஸ்டர் பேட்டரியைக் குளிரவைப்பதில்லை, உள்ளே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்துக் கணக்கிடுகிறது. அந்த எண் வருடா வருடம் விழுந்தால் பேட்டரி மூப்படைகிறது என்று அர்த்தம். அதனால் புதிதாக வாங்கிய அன்றே ஒருமுறை அளந்து குறித்துவையுங்கள்.

செம்புக்கம்பி
எர்த் கேபிளை யாரும் பார்க்கவில்லையா?

நாற்சக்கரம்
பார்த்தாயிற்று, 0.1 வோல்ட்தான். லேபிள் ஓரத்தில் டிஐஎன் என்று இருக்கிறது. இரவு சார்ஜ் போட்டு, காலையில் 12.6 வந்த பிறகு எஸ்ஏஇயில் அளந்தால் 325. மாற்றப் போகிறேன். எல்லோருக்கும் நன்றி.

மின்னாசான்
வாங்கும்போது பாசிட்டிவ் எந்தப் பக்கம் என்று பாருங்கள். மாறினால் கேபிள் எட்டாது. சிசிஏயா வெறும் சிஏயா என்றும் பாருங்கள். சிஏ 0 டிகிரியில் அளப்பது, பெரிய எண்ணாகத் தெரியும்.

புதுஸ்டியரிங்
இதே இழையில் கேட்கிறேன், மன்னிக்கவும். என்னுடையதில் 55பி24எல் என்று இருக்கிறது. 55 தான் சிசிஏயா?

ஆம்பியர்
இல்லை. அது ஜப்பானிய ஜேஐஎஸ் குறியீடு. 55 திறன் தரவரிசை, ஏஹெச்சும் இல்லை சிசிஏயும் இல்லை. பி அகல உயர வகை, 24 சென்டிமீட்டரில் நீளம், எல் முனைகள் இருக்கும் பக்கம். சிசிஏ லேபிளில் வேறிடத்தில் இருக்கும். பெட்ரோலா டீசலா?