மறு: ஸ்கிரிப்டுக்குத் தமிழ் – ‘நிரல்’ வேண்டாம், ‘பணியோலை’ பார்ப்போமா?

> ஸ்கிரிப்டும் ஒரு புரோகிராம்தானே. ‘சிறுநிரல்’ போதும். தனிச்சொல் எதற்கு?

வணக்கம்.

சென்னையில் போதும். கிளிநொச்சியில் போதாது.

இங்கே பள்ளிக்கூடத்தில் விரிதாள் (எக்செல் போன்றது) படித்தவர்களுக்குக் கிடையாகப் போவது நிரை, மேலிருந்து கீழே இறங்குவது நிரல். புரோகிராம் என்றால் செய்நிரல். அதை வெறும் ‘நிரல்’ என்று சுருக்கினால் வேறு இடங்களில் சமாளிக்கலாம். விரிதாளைப் பற்றிப் பேசும்போதுதான் இரண்டும் முட்டிக்கொள்கின்றன.

போன கிழமை நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பின் செயலாளருக்குப் பைதன் என்ற கணினி மொழியில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கணினி செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லும் சிறு கோப்பு, எழுதிக் கொடுத்திருந்தேன். அங்கத்தவர் விவரம் முழுக்க ஒரே கோப்பில் கிடக்கிறது. ஸ்கிரிப்டை ஓட விட்டால் வாய்க்காலுக்கு ஒரு தாளாகப் பிரிக்கும், தலைப்பு நிரைக்குப் பச்சை பூசும், எவ்வளவு கீழே இழுத்தாலும் அந்த நிரை மேலேயே நிற்கும்படி செய்யும், சிறுபோகத்தில் (ஆண்டின் இரண்டாவது நெற்பருவம்) விதைக்கும் ஏக்கரைக் கூட்டுவதற்கான சூத்திரத்தையும் அடியில் எழுதிவிடும். முந்தி இதை அவர் கையால் செய்ய இரண்டு நாள் போகும்.

தொலைபேசியில், “அண்ணை, நிரலை ஓட விடுங்கோ” என்றேன். “ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறன் தம்பி, ஒண்டும் நடக்கேல்லை” என்றார். கால் மணி நேரம் இழுபட்டோம். மனிசன் பழைய கோப்பைத் திறந்து ‘ஏ’ நிரலை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்! பிழை அவரில் இல்லை.

> மேக்ரோவுக்கும் இதற்கும் ஒரே சொல்லை வைத்தால் என்ன?

மேக்ரோ என்பது எக்செலுக்கு உள்ளேயே குடியிருக்கும் கட்டளைத் தொகுப்பு. நான் சொல்லும் ஸ்கிரிப்ட் வெளியே நிற்பது. ஓப்பன்பைஎக்செல் போன்ற பைதன் நூலகத்துக்கு (யாரோ முன்பே எழுதி வைத்த கட்டளைத் தொகுப்பு) எக்செல் கணினியில் இருக்க வேண்டும் என்றே இல்லை. எக்செல் சேமிக்கும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு என்பது எக்ஸ்எம்எல் என்ற எழுத்துவடிவக் கோப்புகள் சிலவற்றைச் சேர்த்துக் கட்டிய ஸிப் பொதிதான். பின்னொட்டை ஸிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், உள்ளே எல்லாம் தெரியும். அந்தப் பொதியை நூலகமே நேராகக் கட்டிவிடுகிறது. சூத்திரத்தை எழுதி மட்டும் வைக்கும். விடை, யாராவது எக்செலிலோ லிப்ரே ஆபிசிலோ திறக்கும்போதுதான் வரும். ஆக, தூரத்தில் இருந்துகொண்டு ‘இன்னின்ன செய்’ என்று வரிசையாக எழுதிக் கொடுத்துவிடுகிற காரியம் இது. சொல்லில் அந்த எழுத்தும் கட்டளையும் இரண்டும் இருக்க வேண்டும்.

‘ஏவல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இலக்கணப்படி அருமை. ஆனால் எங்கள் ஊரில் ஏவல் என்றால் பில்லி, சூனியம். ‘ஏவுரை’யும் வேண்டாம். ஏவு என்று தொடங்கும் சொல்லுக்கு வன்னியில் வேறு நினைவுகள் இருக்கின்றன. ‘பணிப்புரை’ நல்ல சொல், ஆனால் அது ஏற்கனவே அமைச்சர்மாருக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. “அமைச்சரின் பணிப்புரைக்கு அமைய” என்று பத்திரிகையில் வந்துகொண்டே இருக்கும்.

எனவே பணியோலை. பணியை எழுதிய ஓலை. காதில் பனையோலை என்று விழுந்தாலும் இந்தப் பக்கத்தில் யாரும் கோபிக்க மாட்டார்கள். ஸ்கிரிப்ட் எழுத உதவும் மொழியை ஓலைமொழி எனலாம்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. ஓலையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் நடக்கும். முதல் தடவை நான் ‘எண்போலத் தெரிவதையெல்லாம் எண்ணாக மாற்று’ என்று எழுதித் தொலைத்தேன். தொலைபேசி இலக்கங்கள் முன்னாலிருந்த பூச்சியத்தை இழந்தன. அடையாள அட்டை நிரல் அதைவிட மோசம். ஒன்பது இலக்கமும் ‘வி’யும் உள்ள பழைய அட்டைக்காரர் தப்பிவிட்டார்கள். 12 இலக்கப் புது அட்டைக்காரர் எல்லாருக்கும் 1.98, 1.99 என்ற மாதிரி ஓர் எண், அதன் பின்னால் ஒரு ‘ஈ’, அதன் பின்னால் +11. நீண்ட எண்ணை எக்செல் அப்படித்தான் சுருக்கிக் காட்டும். “என்ன தம்பி, எல்லாற்றை இலக்கத்திலையும் ஈ மொய்க்குது?” என்று செயலாளர் கேட்டார். அந்த நிரலை எழுத்தாக வை என்று ஒரு வரி சேர்த்த பிறகுதான் ஈ பறந்தது.

நிரலின் அகலமும் அப்படித்தான். எழுத்தை எண்ணி அகலம் வை என்றால், கிளிநொச்சிக்கு நாம் ஐந்து எழுத்து எண்ணுவோம், பைதன் பத்து எண்ணும். கொம்பையும் விசிறியையும் புள்ளியையும் அது தனித்தனியாகப் பிடிக்கிறது. முல்லைத்தீவு பன்னிரண்டு. தாள் அச்சுக்குப் போனபோது பெயர் ஓரிடம், ஏக்கர் ஓரிடம். யுனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பட்டியலைப் பற்றிக் கேட்காதீர்கள். அதை முதலில் யுனிகோடுக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

சொல்லுங்கள், பணியோலை ஓடுமா?

————

> சொல்லுங்கள், பணியோலை ஓடுமா?

சார், ஒன்று ஒப்புக்கொள்கிறேன். என் மகளின் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அணிகள் பாடத்தில் இங்கேயும் நிரை, நிரல்தான். ‘நிரை நிரல் மாற்று அணி’ என்றே இருக்கிறது. கணினிக்காரர்கள் நாங்கள்தான் அதை மறந்துவிட்டு நிரலைப் புரோகிராமுக்குக் கொடுத்திருக்கிறோம்.

ஆனால் ஓலை கொஞ்சம் அரண்மனை வாசம் அடிக்கிறதே. ராஜா காலத்துப் படம் மாதிரி. ‘பணித்தொடர்’ என்றால் என்ன? அப்புறம், ‘ஓலை வாசிக்கவில்லை’ என்று பிழைச்செய்தி எழுதினால் சிரிப்பு வராதா?

————

வரட்டுமே ஐயா, பிழைச்செய்தியைப் பார்த்து இதுவரை யார் சிரித்திருக்கிறார்கள்?

பணித்தொடர் வேண்டாம் என்பேன். தொடராக நடக்கும் வேலையை அது காட்டுகிறது, எழுதிய தாளைக் காட்டவில்லை. அரண்மனை வாசம் உங்கள் பக்கத்துப் படங்களின் வேலை. இங்கே ஓலை வேலியிலும் கூரையிலும் இருக்கிறது.

நேற்று செயலாளரிடம் சொல்லிப் பார்த்தேன். “பணியோலை அனுப்பியிருக்கிறன் அண்ணை, அதை ஓட விடுங்கோ.” ஒரே தடவையில் சரியான கோப்பைத் தொட்டார். ‘பணி’யை மட்டும் உடனே கழற்றிவிட்டார், அவருக்கு அது வெறும் ஓலை. கோப்பின் பெயரையும் தமிழிலேயே ‘ஓலை’ என்று வைத்திருந்தேன். பைதன் கோப்பு என்பதால் பின்னால் புள்ளி வைத்து ஒரு பின்னொட்டு வருமல்லவா, அதை அவர் ‘பை’ என்று வாசித்தார். இப்போது அமைப்பில் எல்லாரும் அதை ஓலைப்பை என்கிறார்கள்.