ஊருணிக் கரையில் பேவர் பிளாக் வேண்டுமா?

தெற்குத்தெரு:
சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர். சீமைக் கருவேலம் மண்டி, குப்பைமேடாகிக் கிடந்த ஊருணியையும் அதை ஒட்டிய அய்யனார் கோயில்காட்டையும் வீட்டுக்கு வீடு வரி போட்டு இந்தக் கோடையில் மீட்டுவிட்டோம். மிச்சமுள்ள பணத்தில் கரையைச் சுற்றி பேவர் பிளாக் நடைபாதை, நாலு பெஞ்சு, விளக்கு, பிள்ளைகளுக்கு ஊஞ்சல் போடலாம் என்பது எங்கள் யோசனை. ஊரில் ஒரு சாரார் கூடாது என்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கரைமேடு:
கூடாது தம்பி. ஊருணிக்குத் தண்ணீர் வானத்திலிருந்து நேராக விழுவது கொஞ்சம்தான், மேட்டுக்காட்டிலிருந்து வழிந்து வருவதுதான் அதிகம். சுற்றிலும் சுவரும் தளமும் கட்டி, நாலு அங்குலக் குழாய் ஒன்றை வரத்துக்கு விட்டு, முதல் மழையிலேயே அதில் பாலித்தீன் அடைத்து வறண்டு கிடக்கும் ஊருணிகளை எங்கள் பக்கம் வரிசையாகக் காட்டுவேன். அப்புறம், தூர் வாருகிறோம் என்று அடிக்களியையும் அள்ளிவிட்டீர்களா? அந்தக் களிதான் தண்ணீரைப் பிடித்து நிறுத்துகிறது.

தெற்குத்தெரு:
இல்லை அண்ணே. வண்டல் முடிந்து களி தெரிந்ததும் எங்கள் பெரியவர் ஒருவர் ஒரு கட்டியை எடுத்து நனைத்து, திரி மாதிரி உருட்டிப் பார்த்துவிட்டு, பொக்லைனை நிறுத்தச் சொன்னார். அதோடு சரி. ஆனால் ஆள் நடமாட்டம் இல்லாமல் போனதால்தானே அங்கே குப்பையும் பாட்டிலும் சேர்ந்தது? என் அம்மா சர்க்கரைக்காக லாரி ஓடும் ரோட்டில் நடக்கிறார், அவருக்கு ஒரு பாதை வேண்டாமா? கஜா புயலுக்கு அப்புறம் 2019இல் பேராவூரணி பெரியகுளத்தை, 564 ஏக்கர், ஊர்க்காரர்களே முன்நின்று தூர் வாரினார்கள். மக்கள் தன்னுடையது என்று நினைத்தால்தான் நிலைக்கும்.

கரைமேடு:
அங்கே தண்ணீர் தேங்கியதால் தன்னுடையது என்று நினைத்தார்கள், பெஞ்சு போட்டதால் இல்லை.

மருதாணி:
இருவருமே காட்டை மறந்துவிட்டீர்கள். திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீரகோயில் காடு சுமார் 5 ஹெக்டேர்தான், 2025இல் அதைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. விளக்கும் ஊஞ்சலும் போட்டா அது தப்பியது? சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது என்ற சாமி பயம்தான் இப்படிப்பட்ட காடுகளைக் காத்தது. உங்கள் காட்டில் விளக்கைப் போட்டால் வௌவாலும் ஆந்தையும் முதலில் போய்விடும். நடைபாதை வேண்டும் என்றால் செம்மண் கொட்டி இறுக்கி, ஊர் பக்கத்துக் கரையில் மட்டும் போடுங்கள். ஆடு மாடு இறங்கித் தண்ணீர் குடிக்கச் சரிவை விட்டுவையுங்கள். பெண்கள்தான் அதிகம் மண் சுமந்திருப்பார்கள், அவர்களைக் கேட்டீர்களா?

தெற்குத்தெரு:
கேட்கவில்லை அக்கா, தப்புதான். காட்டுப் பக்கம் விளக்கு வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். மண் பாதை மழையில் சேறாகிவிடுமே?

கரைமேடு:
நாலு நாள் சேறாக இருக்கட்டும் தம்பி, மழை பெய்கிறது என்று அர்த்தம். மேட்டிலிருந்து தண்ணீர் வரும் வரத்துக்கால் முழுக்கத் திறந்திருக்கிறதா, அதைச் சொல்.

தெற்குத்தெரு:
ஒரு இடத்தில் அடைப்பு இருக்கிறது. புது வீட்டுக்குச் சாய்தளம் கட்டி வரத்துக்காலை மூடிவிட்டார்கள், வீட்டுக்காரர் எங்களுக்குச் சொந்தம் வேறு. ஆடிக்குள் பேசி உடைத்து, பெரிய சிமெண்ட் குழாய் பதிக்கவே இந்தப் பணம் போதுமா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அதை முதலில் வைக்கிறேன்.