மெசபடோமியாவில் இறந்த கொள்ளுத்தாத்தாவுக்கு நினைவுக்கல்: ஒரு விவரம் வேண்டும்

என் கொள்ளுத்தாத்தா பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் சுபேதார். முதல் உலகப் போரின்போது, 1917 தொடக்கத்தில் மெசபடோமியாவில் (இன்றைய இராக்), டைக்ரிஸ் ஆற்றில் பாலம் போடும் வேலையில் இறந்தார் என்பது வீட்டில் சொல்லி வந்த கதை. ஊரில் அவருக்கு ஒரு கல் நட வேண்டும். பதவியும் கம்பெனி எண்ணும் உறுதியாகாமல் எதையும் பொறிக்க எனக்கு மனமில்லை.

கையில் இருப்பது, போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு பிரிட்டிஷ் அரசு அனுப்பிய வெண்கல வட்டு ஒன்றுதான். இந்த வட்டுகளில் பெயர் மட்டும்தான் இருக்கும். பதவி, படைப்பிரிவு எதுவும் இருக்காது. போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் ஆங்கில எழுத்துகளை ஏழெட்டு விதமாக மாற்றித் தேடினேன். அதே பெயரில் மூன்று பேர், யாரும் சுபேதார் இல்லை. பெங்களூரில் ஓர் அலுவலகத்துக்கு இரண்டு கடிதம் போட்டு எட்டு மாதம் ஆகிறது, பதில் இல்லை.

பதவி இவ்வளவு முக்கியமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மெசபடோமியாவில் இறந்து, கல்லறை எதுவென்று தெரியாதவர்களுக்கான பாஸ்ரா நினைவுச்சின்னத்தில், இந்தியர்களில் சுபேதார் போன்ற அதிகாரிகளின் பெயர்களைத்தான் பொறித்தார்கள். சிப்பாய்கள், ஹவில்தார்கள் எல்லாம் வெறும் எண்ணிக்கை. இது நினைக்க நினைக்க மனதைப் பிசைகிறது. அந்தச் சின்னத்தையும் 1997-இல் நசிரியா சாலைக்கு மாற்றிவிட்டார்கள், நேரில் போய்ப் பார்க்க வழியில்லை.

அக்கால இந்திய ராணுவப் பட்டியல் நூல்களில் சுபேதார்களின் பெயர்கள் படைப்பிரிவு வாரியாக இருக்கும். 1916 அல்லது 1917 பதிப்பில் மெட்ராஸ் சாப்பர்ஸ் பக்கத்தை எங்கே பார்க்கலாம்?