10க்கு 8 அடி சமையலறை: எதிலிருந்து தொடங்குவது?

வெண்தாமரை:
எங்கள் சமையலறையை முழுதாக இடித்துவிட்டுப் புதிதாகச் செய்யப்போகிறோம். நீளம் 10 அடி, அகலம் 8 அடி. ஒரு குறுகிய சுவரில் வாசல், அதற்கு நேர் எதிரே ஜன்னல். கதவுகளுக்கு இளம்பச்சை, மேடைக்கு வெள்ளை குவார்ட்ஸ் என்று முடிவு செய்துவிட்டேன், ஆனால் எது எங்கே வரவேண்டும் என்பதில்தான் குழப்பம். இப்போது சிங்க் ஒரு சுவரில், அடுப்பு எதிர்ச்சுவரில் இருக்கிறது. கழுவிய காயைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போதெல்லாம் தரையில் தண்ணீர் சொட்டும், போன மாதம் அம்மா அதில் வழுக்கி விழப்பார்த்தார். புதியதில் அந்தத் தொல்லை இருக்கவே கூடாது. நான் 5 அடி 1 இஞ்ச், கணவர் 5 அடி 10, இரண்டு பேரும் சமைப்போம். மேடை உயரம் எவ்வளவு வைப்பது? யு வடிவமா, எல் வடிவமா?

நூல்கண்டு:
தோழி, நிறத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு வேலை நடக்கும் வரிசையைப் பாருங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கிறோம், கழுவுகிறோம், நறுக்குகிறோம், அடுப்பில் வைக்கிறோம். சாமான்களும் அதே வரிசையில் வந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சிங்குக்கும் அடுப்புக்கும் நடுவே தடையில்லாமல் 3 அடியாவது வெறும் மேடை வேண்டும், நாள் முழுக்க நாம் நிற்கப்போவது அங்கேதான். சிங்கை ஜன்னலுக்குக் கீழே வையுங்கள், அடுப்பை அங்கே வேண்டாம், காற்றில் தீ அலையும்.

இடம் சின்னது என்று கவலைப்படாதீர்கள். 1926-இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்த சமையலறை ஏறக்குறைய 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம்தான், உங்களுடையதைவிடச் சிறியது. ரயில் உணவுப்பெட்டிகளின் சமையலறையைப் பார்த்து, ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை அடி நடக்கவேண்டியிருக்கிறது என்று கணக்குப் போட்டுச் செய்தார். நறுக்கும் மேசையை ஜன்னலோரம் வைத்து, உட்கார ஒரு சுழல் நாற்காலியும் சேர்த்தார். இன்று நாம் மாடுலர் என்று சொல்வதற்கெல்லாம் அதுதான் முன்னோடி.

எல் வடிவத்துக்கே என் ஓட்டு. யு போட்டாலும் நடுவில் 4 அடி கிடைக்கும், ஆனால் கைக்கு எட்டாத மூலை இரண்டாகிவிடும்.

உளிச்சத்தம்:
20 வருடமாக மர வேலை செய்கிறேன், உயரத்துக்கு நான் பதில் சொல்கிறேன். எல்லோருக்கும் ஒரே 34 இஞ்ச் என்று கண்ணை மூடிக்கொண்டு போடவேண்டாம் சகோதரி. வீட்டில் போடும் செருப்போடு நின்று முழங்கையை மடக்குங்கள். அதற்கு 4 முதல் 6 இஞ்ச் கீழே நறுக்கும் மேடை இருந்தால் தோள் வலிக்காது. உங்களுக்கு அது 33, 34 வரும், கணவருக்கு 38-ஐத் தொடும். அதிக நேரம் நிற்பவருக்கு மேடையை வையுங்கள், மற்றவருக்குத் தடிமனான பலகை ஒன்று போதும். அடுப்புப் பக்கம் பாத்திரத்தின் உயரமும் சேர்கிறது, முடிந்தால் அந்தப் பகுதியை மட்டும் ஓரிரண்டு இஞ்ச் இறக்கலாம். சிங்க் அப்படியில்லை, கை அடிவரை போகவேண்டும், அதைத் தாழ்த்தினால் முதுகு கேட்கும்.

அப்புறம், மேடைக்குக் கீழே கதவு வைத்த அலமாரிகளைக் குறைத்து டிராயராகப் போடுங்கள். அலமாரியில் பின்னால் இருப்பதை எடுக்க மண்டியிட்டு முன்னால் இருப்பதையெல்லாம் வெளியே வைக்கவேண்டும், டிராயர் என்றால் இழுத்தால் மேலிருந்தே எல்லாம் தெரியும். தரையோரம் கால் விரல் நுழைய 3 இஞ்ச் உள்வாங்கல் விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மேடையை ஒட்டி நிற்கவே முடியாது.

சரி, எதையும் இடிப்பதற்கு முன் காலியான அறை எதிலாவது சாக்பீஸால் முழு அளவில் கோடு போட்டு, ஒரு வேளை சமைப்பதுபோல நடந்து பாருங்கள்.

மின்மினி:
வயரிங் பற்றி யாரும் சொல்லவில்லையே! டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே அது முடிந்திருக்கவேண்டும். விளக்கு கூரையின் நடுவில் மட்டும் இருந்தால் நம் நிழலே நறுக்கும் பலகையில் விழும். மேல் அலமாரியின் அடியில், சுவரோரமாக இல்லாமல் முன்விளிம்பை ஒட்டி, நீள விளக்கு போடுங்கள். பிளக் பாயிண்டுகளை சிங்கிலிருந்து தள்ளி வையுங்கள். மேல் அலமாரிக்கும் மேடைக்கும் 18 இஞ்ச் இடைவெளி விடுங்கள். ஜன்னல் சுவரில் அலமாரியே வேண்டாம், வெளிச்சம்தான் அந்த அறைக்கு அழகு. குவார்ட்ஸ் நல்ல தேர்வு, கறை எளிதில் பிடிக்காது, ஆனால் அதில் பிசின் கலந்திருப்பதால் அடுப்பிலிருந்து இறக்கியதை அப்படியே வைத்தால் தழும்பு விழுந்துவிடும். அடுப்புக்குப் பக்கத்தில் ஓர் அடிக்கு மட்டும் கிரானைட் போடுவதைப் பற்றி யோசியுங்கள்.

வெண்தாமரை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி கூடத்தில் சாக்பீஸ் கோடு போட்டு நானும் அவரும் நடந்து பார்த்தோம். வாசலோரம் ஃப்ரிட்ஜ் வைத்திருந்தேன், அதன் கதவைத் திறந்தால் வழியே அடைபடுகிறது, ஒருவர் உள்ளே இருந்தால் இன்னொருவர் வரமுடியாது. 2 அடி உள்ளே தள்ளியதும் சரியாகிவிட்டது. சிங்குக்கும் அடுப்புக்கும் நடுவே 3 அடி 4 இஞ்ச் கிடைக்கிறது. மேடை 34 என்று முடிவு செய்துவிட்டோம். உளிச்சத்தம் அண்ணா, சிங்குக்குக் கீழே ஈரம் தாங்க எந்த ப்ளைவுட் கேட்கவேண்டும்?

உளிச்சத்தம்:
கொதிநீர் தாங்கும் வகை, பிடபிள்யூபி என்று கேளுங்கள். வெட்டிய ஓரங்களையும் குழாய் நுழையும் ஓட்டையையும் சீல் செய்யச் சொல்லுங்கள், தண்ணீர் முதலில் இறங்குவது அந்த வழியாகத்தான்.