ஓர்க்னி கற்குவைகளும் மல்லசந்திரம் கற்திட்டைகளும்: உறவு உண்டா?

கேள்வி:
கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரம் குன்றின் மீது சென்ற வாரம் ஏறினேன். பலகைக்கற்களை நிறுத்தி மேலே ஒரே கல்லை மூடியாகப் போட்ட கற்திட்டை ஒன்றின் இடுதுளைக்குள், அதாவது பலகைக்கல்லில் குடைந்த துளைக்குள், கையை விட்டேன். வெளியே பாறை கொதித்தாலும் உள்ளே குளிர்ந்திருந்தது. அங்கு ஆடு மேய்த்த பாட்டி, "அது பாண்டவர் வீடு கண்ணு, கையை எடு" என்றார். ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஓர்க்னி தீவுகளிலும் புதிய கற்கால மக்கள் இறந்தோருக்குக் கல்வீடு கட்டியிருப்பதாகப் படித்தேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில் 1:
இல்லை ஐயா. ஓர்க்னியின் மேஸ்ஹோ என்ற கல்லறை கி.மு. 2800 அளவில், உலோகம் அறியாதவர்கள் கட்டியது. நம் கற்திட்டைகளோ இரும்புக் காலத்தவை. நம் மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் மிகப் பழைய காலக்கணிப்பே கி.மு. 2172தான். வடிவத்தைத் தீர்மானித்தது அந்தந்த ஊர்க் கல் என்பது என் கருத்து. ஓர்க்னியின் மணற்கல் ஏடு ஏடாகப் பிளக்கும் என்பதால், அதை வரிசை வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் சற்றே உள்ளே தள்ளி வைத்துக் கூரையை ஒடுக்கி, மேலே 7 மீட்டர் உயரத்துக்கு மண்மேடு எழுப்பினார்கள். நம் குன்றுகளின் கருங்கல் அகலப் பலகையாகப் பெயர்கிறது. அதை நிறுத்தினாலே சுவர்.

பதில் 2:
பயன்பாட்டையும் பாருங்கள். ஓர்க்னியின் இஸ்பிஸ்டர் கல்லறையில் சுமார் 16,000 மனித எலும்புகள் கலந்து கிடந்தன. உடன் கிடந்த வெண்வால் கடற்கழுகின் எலும்புகளோ கல்லறை கட்டிப் பல நூற்றாண்டுகள் கழித்தே உள்ளே வந்தவை என்று கரிமக் காலக்கணிப்பு காட்டியது. அதாவது, முன்னோர் வீட்டின் வாசலை அவர்கள் தலைமுறை தலைமுறையாகத் திறந்து வைத்திருந்தார்கள். மேஸ்ஹோவின் தாழ்ந்த நடைபாதையோ, ஆண்டின் மிகக் குறுகிய பகல் வரும் நாள்களில் மறையும் சூரியனின் ஒளி பின்சுவரைத் தொடும்படி அமைந்தது. நம் இடுதுளையும், பின்னாளில் எலும்போ படையலோ இடுவதற்கான வாசல் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. உறவு இல்லை, ஆனால் இறந்தவரோடு தொடர்பை அறுக்க மனம் வராதது இரு இடத்துக்கும் பொது.

கேட்டவர்:
மிக்க நன்றி. அடுத்த முறை அளவுநாடாவும் திசைகாட்டியும் எடுத்துச் சென்று, கற்களைத் தொடாமல், ஒவ்வொரு துளையின் அகலத்தையும் அது பார்க்கும் திசையையும் குறித்து இங்கே இடுகிறேன். மூன்று திட்டைகளின் மூடுகல்லைப் புதையல் தேடியவர்கள் புரட்டிப் போட்டிருக்கிறார்கள். அவற்றை முதலில் குறிக்க வேண்டும்.