குறிஞ்சியும் கஜாவும் வந்த வருஷம்

திருச்சியில் இருந்துகொண்டு செய்திப் படம் எடுப்பது என் வேலை. டெல்டா, தேனி, சில சமயம் கேரளம் என்று ஓட்டம்தான். மறக்க முடியாத அனுபவம் எது என்று யார் கேட்டாலும் ஒரு நாளைச் சொல்லத் தெரியாது எனக்கு. 2018 முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

மார்ச் 11, குரங்கணி. மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கிக்கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அன்று இரவு போடியில், காயம்பட்டவர்களைக் கொண்டுவந்த மருத்துவமனை வாசலில் எல்லாரோடும் நானும் நின்றேன். ஒவ்வொரு ஆம்புலன்ஸ் வரும்போதும் ஃபிளாஷ் மின்னியது. பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, "தம்பி, நீங்க எடுத்த படத்துல கொஞ்சம் பாருங்க, சிவப்புச் சட்டை போட்ட பொண்ணு இருக்கான்னு" என்றார். கேமராவின் பின்திரையில் ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்தப் பெண் எதிலும் இல்லை. அதற்குள் அடுத்த வண்டிச் சத்தம் கேட்டு ஓடிவிட்டார்.

அதுவரை நான் எடுக்கும் படம் பேப்பரில் பார்க்கிறவர்களுக்கு என்றே நினைத்திருந்தேன். படத்தில் இருப்பவருடைய அப்பா பக்கத்தில் நின்று பார்ப்பார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அன்றைக்கு அதற்கு மேல் கேமராவைத் தூக்கவில்லை. அழுகிற முகம் ஒன்றுகூட இல்லையே என்று அலுவலகத்தில் கோபித்துக்கொண்டார்கள். பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

ஜூலையில் ஊரே மாறிப்போனது. 23ஆம் தேதி மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டது. ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. பல வருஷமாக மணலில் ஊற்றுத் தோண்டியும் ஷவரில் நின்றும் கும்பிட்ட சனம், அன்று ஓடுகிற தண்ணீரைப் பார்த்தது. ஒரு பாட்டி காதோலை கருகமணியை ஆற்றில் விட்டுவிட்டு, அது மறைகிற வரைக்கும் கைகூப்பியபடியே நின்றார். அந்தப் படம் பேப்பரில் வரவில்லை, என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதே ஆகஸ்ட் 22ஆம் தேதி இரவு முக்கொம்பில், கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் உடைந்து போயின. மறுநாள் காலை அங்கேயும் நான்தான் நின்றேன்.

அதற்கு முன்னாலேயே கேரளம் மூழ்கியிருந்தது. வெள்ளம் வடிந்த பிறகு செங்கன்னூர் போனேன். மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிவந்து ஆட்களை மீட்ட ஊர். ஒரு வீட்டு வராந்தாவில் ஓர் அம்மா கல்யாண ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒட்டிக்கிடந்த படங்களை நகத்தால் பிரித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் முகம் பாதி எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. நான் கேமராவைத் திண்ணையில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். காயவைத்துப் பிரித்தால் படத்தின் மேல்தோல் உரிந்துவிடும். ஒரு பேசினில் நல்ல தண்ணீர் ஊற்றி ஊறப்போட வேண்டும், தானாக விடும்போது மெல்ல நகர்த்த வேண்டும், வெயிலில் போடாமல் நிழலில் முகம் மேலே இருக்கும்படி பரப்ப வேண்டும். ஸ்டுடியோவில் வேலை பார்த்த காலத்தில் படித்த பாடம். சாயங்காலத்துக்குள் முப்பது படத்துக்கு மேல் காப்பாற்றிவிட்டோம். "மோனே, இது உணங்குமோ?" என்று நாலைந்து தடவை கேட்டார். உணங்கும் அம்மா, காய்ந்துவிடும் என்றேன். கடைசியில்தான் ஒரே ஒரு படம் எடுத்தேன், தரை முழுக்கப் பரப்பிய படங்களுக்கு நடுவே அவர் நிற்பதை. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன்.

அப்புறம் குறிஞ்சி. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூப்பது. 2006க்குப் பிறகு அந்த வருஷம்தான். மழையால் மூணாறுப் பக்கம் பூப்பது தள்ளிப்போனது, சாலைகளும் போய்விட்டன. சூரியநெல்லியில் ஜீப் பிடித்துக் கொழுக்குமலைக்கு ஏறினேன். பூவைக் கிட்டத்தில் பார்த்தால் சின்ன மணி மாதிரி, அவ்வளவுதான். சரிவு முழுக்கப் பார்க்கும்போது மூச்சு நின்றுவிடும். அந்த ஊதா நீலம் கேமராவில் சரியாக விழாது, உச்சி வெயிலில் இன்னும் வெளுத்துப்போகும். பனி விலகுகிற அரைமணி நேரம்தான் கணக்கு. அங்கிருந்து கீழே பார்த்தால் குரங்கணிப் பக்கம். மார்ச்சில் எரிந்த மலை அது. சிவப்புச் சட்டை ஞாபகம் வந்து, வெகு நேரம் ஷட்டரை அழுத்தவில்லை.

நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியது. பேராவூரணிக்குப் போய்ச் சேர்ந்தபோது முதலில் எனக்கு உறைத்தது வெளிச்சம். தென்னந்தோப்புக்குள் படம் எடுத்துப் பழகியவனுக்குத் தெரியும், அங்கே எப்போதும் கீற்று வழியாகப் புள்ளிப் புள்ளியாகத்தான் வெயில் விழும். அன்று வீட்டு வாசல்வரை வெட்டவெளி வெயில், கண் கூசியது. சில மரங்கள் வேரோடு சாய்ந்திருந்தன, சில குருத்து திருகி மொட்டையாக நின்றன. விழுந்த மரங்களை எண்ணிக்கொண்டிருந்தவர், "மரம்னு எழுதாதீங்க தம்பி, பிள்ளைன்னு எழுதுங்க" என்றார்.

அவர் வீட்டுக்கு எதிரே கம்பம் நட்டுக்கொண்டிருந்தவர்களில் கேரள மின்வாரிய ஊழியர்களும் இருந்தார்கள். அவருடைய மனைவி விழுந்த மட்டையையும் பாளையையும் வைத்து அடுப்பு மூட்டி, எல்லாருக்கும் கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தார். பால் கிடைக்கவில்லை என்று நாலு தடவை வருத்தப்பட்டார். ஆகஸ்டில் அந்தக் கேரள ஊழியர்களின் ஊர் எப்படி இருந்தது என்று பார்த்தவன் நான். டம்ளரை வாங்கும் அந்தக் கைகளை எடுத்த படம்தான் அந்த வருஷத்தில் எனக்குப் பிடித்தது.

குடும்பத்தோடு ஒரு படம் எடுங்க என்றார் அந்த அம்மா. ஓடு பறந்து மழை கொட்டியதில் வீட்டில் இருந்த படங்கள் எல்லாம் போய்விட்டனவாம். சாய்ந்த தென்னையிலேயே உட்காரவைத்து எடுத்தேன். பொங்கலுக்குப் பிறகு பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கூரையில் இன்னும் தார்ப்பாய்தான். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார், பிறகு ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் பைக்குள் செருகினார். செருகியவர் மறுபடி வெளியே எடுத்து, "மூத்தவன் சிங்கப்பூர்ல இருக்கான், அவனுக்கும் ஒண்ணு போட்டுக் கொடு தம்பி" என்றார்.