மறுமொழி: போர்ட்டுக்கு ஒரே சொல் வேண்டாம்

குழுவினருக்கு வணக்கம். ஆங்கிலத்தின் 'போர்ட்' (port) என்ற சொல்லுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்ற விவாதத்துக்கு என் பதில் இது. மற்றவர்கள் எழுதியதை மேற்கோளாக எடுத்துப்போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே என் கருத்தைச் சொல்கிறேன்.

> போர்ட் என்பதற்கு 'முனையம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. எல்லா இடத்திலும் அதையே போட்டுவிடலாமே.

பத்மநாபபுரத்து ஐயாவின் இந்த யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. முனையத்தைப் பேருந்துக்கும் விமானத்துக்கும் கொடுத்தாகிவிட்டது. லினக்ஸ் இயங்குதளத்தில் கட்டளை தட்டும் திரைக்கும் அதே பெயர்தான். ஒரே பாடத்தில் 'முனையத்தைத் திறந்து முனைய எண்ணைத் தட்டுக' என்று வந்தால் படிக்கிற பிள்ளை எதைத் திறக்கும்? அதோடு, நம் குமரி மாவட்டத்தில் அந்தச் சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. 2016இல் இனயம் துறைமுகத்துக்கு மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தபோதும், பிறகு திட்டம் கன்னியாகுமரியை அடுத்த கோவளம், மணக்குடிப் பக்கம் நகர்ந்தபோதும், கரை முழுக்கப் பேசப்பட்டது 'சரக்குப் பெட்டக மாற்று முனையம்' என்ற பெயரில்தான். இங்கே அது வாழ்வாதாரப் பிரச்சினையின் பெயர்.

> அப்படியானால் 'போர்ட்' என்றே எழுதிவிடுவோம். எல்லாருக்கும் புரியும்.

புரியாது, தம்பி. நாகர்கோவிலில் எந்த மொபைல் கடையிலும் கேட்டுப் பாருங்கள். கேபிளைச் செருகும் இடமும் 'சார்ஜிங் போர்டு', அது பற்றவைக்கப்பட்டிருக்கும் சின்னப் பலகையும் 'சார்ஜிங் போர்டு'. இரண்டும் வேறு வேறு உதிரிப்பாகம், விலையும் வேறு. ஆங்கிலத்தின் p, b இரண்டுக்கும் நம் எழுத்தில் பகரம் ஒன்றே என்பதால் போர்ட் (port), போர்டு (board) இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. ஒலிபெயர்ப்பு சில சொற்களுக்கு நன்றாகப் பொருந்தும். பஸ்ஸை யாரும் மாற்ற வேண்டியதில்லை. இந்தச் சொல்லுக்குப் பொருந்தாது.

சிக்கலின் வேர் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. இது ஒரு சொல் அல்ல, ஒரே உருவில் வந்து நிற்கும் பல சொற்கள். லத்தீனில் போர்ட்டுஸ் என்றால் துறைமுகம், போர்ட்டா என்றால் வாசல், போர்ட்டாரே என்றால் சுமந்து செல்வது. மூன்றும் ஆங்கிலத்துக்கு வந்து ஒரே எழுத்துக்கூட்டில் அடங்கிவிட்டன. அவர்களுக்கு நேர்ந்த அந்தக் கலப்பை நாமும் சுமக்க வேண்டிய கட்டாயம் என்ன? பொருளைப் பார்த்துப் பெயர் வைப்போம்.

முதலில் வலையமைப்பில் வரும் போர்ட். ஐபி முகவரி, அதாவது வலையமைப்பில் ஒரு கணினிக்கு உரிய எண்முகவரி, ஒரு தரவுப்பொதியைக் கணினி வரை கொண்டுவந்து சேர்க்கும். அங்கே இணைய சேவை, மின்னஞ்சல், தொலைவிலிருந்து நுழையும் வழி எனப் பல நிரல்கள் காத்திருக்கும். பொதி யாருக்கு என்பதை ஓர் எண் சொல்லும். 22 என்றால் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச், 25 என்றால் அஞ்சல் சேவையகம், 80 என்றால் சாதாரண இணையப் பக்கம், 443 என்றால் மறைகுறியாக்கிய பக்கம். 16 பிட் எண், அதாவது பதினாறு இரும இலக்கங்களில் அடங்கும் எண் என்பதால் 0 முதல் 65535 வரை போகும்.

இதற்கு நான் சொல்வது 'துறை'. துறைமுகம் அல்ல, வெறும் துறை. நம் மேற்குக் கரையோரமாக நீரோடியிலிருந்து நடந்து வாருங்கள்: மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை. கடல் ஒன்று, கரையும் ஒன்றாகத்தான் கிடக்கிறது. ஆனால் எந்த வள்ளம் எந்தத் துறையில் ஏறும், மீன் எங்கே ஏலம் போகும் என்பதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. ஒரே முகவரிக்குள் பல துறைகள், ஒவ்வொன்றிலும் அதற்கான ஆள் காத்திருப்பது என்ற கருத்து இந்த ஊர்ப்பெயர்களிலேயே இருக்கிறது. துறைமுகம் என்பது குளச்சல், முட்டம், சின்னமுட்டம், தேங்காப்பட்டணம் போலக் கட்டுமானத்தோடு சேர்ந்த இடம். அதை அப்படியே விட்டுவிடுவோம்.

> கணினியில் வரும் போர்ட் 'வாசல்' என்ற பொருளிலிருந்து வந்தது. துறை என்பது வேர்ப்படி தவறு.

வேரைப் பற்றித் திருவட்டாறு ஐயா சொல்வது சரிதான். ஆனால் வேரைப் பிடித்துக்கொண்டு பெயர் வைத்தால் ஆங்கிலத்தின் வரலாற்றைத்தான் மொழிபெயர்ப்போம், பொருளை அல்ல. வாசல் என்றதும் உள்ளே போகும் வழி ஒன்றுதான் மனதில் வருகிறது. வந்ததைப் பிரித்து உரியவரிடம் சேர்ப்பது துறையில்தான் இருக்கிறது.

துறைக்கு எதிராக உண்மையிலேயே பலமான வாதம் வேறொன்று. மீன்வளத்துறை, வருவாய்த்துறை என்று அரசு அலுவலகமெல்லாம் துறைதான். அதைவிட மோசம், 'கணினித் துறை' என்று எழுதினால் கல்லூரியில் கணினி படிப்பிக்கும் பிரிவு என்றே எவரும் படிப்பார்கள். ஆகவே அந்தக் கூட்டுச்சொல்லை எந்த இடத்திலும் வர விடக்கூடாது. முதல் முறை வரும்போது 'வலைத்துறை' என்று முழுசாகச் சொல்வோம். அதன்பின் '443ஆம் துறை', 'துறையெண்', 'துறையை அடை', 'துறை திறந்திருக்கிறது'. எண்ணோடும் வினையோடும் வரும்போது அலுவலகம் குறுக்கே வராது. எழுதிப் பார்த்தேன், தடங்கலில்லாமல் வாசிக்க முடிகிறது.

ஒரு பொதியை வேறு துறைக்கு அனுப்புவதற்குத் 'துறைக் கடத்தல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். கடத்தல் வேண்டாம், கள்ளக் கடத்தல் என்றுதான் காதில் விழும். வாய்க்கால் தண்ணீரைத் திருப்பிவிடுவதுபோல 'துறை திருப்பல்' போதும்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியும் போர்ட், யூஎஸ்பி கேபிள் செருகும் இடம். இது வாசல் பொருள்தான், இங்கே ஐயாவோடு முழுக்க உடன்படுகிறேன். 'செருகுவாய்' என்று வைக்கலாம். மடைவாய், கணவாய், ஆரல்வாய்மொழி என்று திறப்பைக் குறிக்க 'வாய்' நம் பேச்சில் எப்போதும் இருந்துவருகிறது. மொபைல் கடையில் 'செருகுவாய் போச்சு, பலகை நல்லா இருக்கு' என்று சொன்னால் எதை மாற்ற வேண்டும் என்பதில் சந்தேகமே வராது.

இதே வரிசையில் ஒன்றை யாரும் எடுக்கவில்லை. புற்றுநோய் சிகிச்சையில் 'கீமோ போர்ட்' வைக்கிறார்கள். நெஞ்சின் மேற்பகுதியில் தோலுக்கு அடியில் ஒரு சிறு அறை, அதிலிருந்து பெரிய சிரைக்குப் போகும் மெல்லிய குழாய். ஒவ்வொரு முறையும் கையில் நரம்பு தேட வேண்டாம், அந்த அறையின் மேல்மூடியில் ஊசி குத்தினால் போதும். நம் மாவட்டத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சிகிச்சைக்குப் போகும் குடும்பங்கள் எத்தனையோ. கையெழுத்துப் போடும் தாளில் என்ன வைக்கப்போகிறார்கள் என்பது அம்மாவுக்கும் பாட்டிக்கும் விளங்க வேண்டும். என் மனதில் இந்தப் பட்டியலிலேயே முக்கியமான சொல் இதுதான். முதலில் 'மருந்துவாய்' என்று நினைத்தேன். நம்மூர்க்காரர் காதில் அது நம் மாவட்டத்து மருந்துவாழ்மலையாகக் கேட்கும். அதனால் 'மருந்தேற்றுவாய்'. நீளம்தான், ஆனால் சொல்லே வேலையைச் சொல்லிவிடுகிறது. மருத்துவமனையில் வேலை பார்க்கும் உறுப்பினர்கள் நோயாளிகளிடம் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.

போர்ட் என்பதன் மற்றப் பொருள்களில் பெரிய தகராறு இல்லை. ஒரு மென்பொருளை வேறு இயங்குதளத்துக்குக் கொண்டுபோவது 'தளப்பெயர்ப்பு'. மொபைல் எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறுவது 'எண்பெயர்வு'. போர்ச்சுகலின் போர்ட்டோ நகரப் பெயரால் வழங்கும் மதுவுக்கு அந்தப் பெயரே இருக்கட்டும், இடப்பெயரை மொழிபெயர்க்கத் தேவையில்லை. கப்பலின் இடப்பக்கத்துக்கும் போர்ட் என்று பெயர். முன்பு லார்போர்டு என்றிருந்தது, வலப்பக்கமான ஸ்டார்போர்டோடு காதில் குழம்புகிறது என்று 1844இல் பிரிட்டிஷ் கடற்படை மாற்றியது. இதற்கு வெறும் 'இடப்பக்கம்' போதாது. பின்னால் திரும்பி நிற்பவருக்கு இடம் வலமாகிவிடும். கப்பலுக்குள் முகப்பை நோக்கி நிற்பவரின் இடப்பக்கம் என்பதுதான் பொருள். எனவே 'கப்பலிடம்', 'கப்பல்வலம்' என்று இணையாக வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. தூத்தூர்ப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுக்காரர்களோடு பழக்கமுள்ளவர்கள், அவர்கள் படகில் சொல்லும் சொல்லைக் கேட்டு இந்த இழையிலேயே எழுதினால், என்னுடையதை எடுத்துவிட்டு அதையே பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.